கபோனாட்டா: கத்தரிக்காய் குழையாமல், புளிப்பும் இனிப்பும் பிசகாமல்

சிசிலித் தீவில் வீட்டுக்கு வீடு செய்யும் பதார்த்தம் கபோனாட்டா. பொரித்த கத்தரிக்காய், செலரி, பச்சை ஆலிவ், கேப்பர் எல்லாம் வினிகரும் சர்க்கரையும் கலந்த தக்காளிச் சாற்றில் ஊறியிருக்கும். சூடாகப் பரிமாறுவதில்லை. ஆறிய பிறகு ரொட்டியோடு முன்னுணவாகவோ, மீனுக்குத் தொட்டுக்கொள்ளவோ தட்டுக்கு வரும்.

என் அடுக்களையில் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தவர்களில் பலருக்குக் கடைசியில் கிடைத்தது கத்தரிக்காய் கொத்சு. ருசியில் குறையில்லை, ஆனால் அது கபோனாட்டா இல்லை. நம் கை பழகிய வழி அப்படி: வெங்காயத்தை வதக்கு, தக்காளியைப் போடு, காயைக் கொட்டு, மூடி வை. இங்கே அந்த வழி செல்லாது. ஒவ்வொரு காயும் தனித்தனியாகத் தன் பதத்துக்கு வெந்து, கடைசிச் சில நிமிடங்களில்தான் ஒன்றையொன்று சந்திக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. சாமான்கள்: முதலில் இதைச் சரிபாருங்கள்

ஆறு பேருக்குத் தாராளமாக வரும் அளவு:

- கத்தரிக்காய் 1 கிலோ
- செலரித் தண்டு 250 கிராம்
- பெரிய வெங்காயம் 200 கிராம்
- பழுத்த தக்காளி 400 கிராம்
- பச்சை ஆலிவ் 120 கிராம் (கொட்டை நீக்கிய பின்)
- கேப்பர் 40 கிராம்
- ஒயின் வினிகர் 60 மில்லி
- சர்க்கரை 25 கிராம் (சுமார் 2 மேசைக்கரண்டி)
- பைன் கொட்டை அல்லது பாதாம் 30 கிராம்
- பேசில் இலை ஒரு கைப்பிடி
- ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி. பொரிக்கத் தனியாக முக்கால் லிட்டர் எண்ணெய்
- கல்லுப்பு

கத்தரிக்காய் பெரிதாக, சதைப்பற்றாக இருக்க வேண்டும். சிசிலிக்காரர்கள் எடுப்பது உருண்டையான பெரிய ஊதாக் காய் அல்லது நீளமான கறுத்த காய். நம் கடைகளில் சுட்டு மசிக்க வாங்குவோமே, அந்தப் பெரிய காய் பொருந்தும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு வாங்கும் சின்னக் காய் வேண்டாம். அதில் தோலும் விதையும் அதிகம், சதை குறைவு. கையில் எடுத்தால் உருவத்துக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலெழ வேண்டும். குழி அப்படியே நின்றால் உள்ளே விதை முற்றியிருக்கும்.

தக்காளியில் நாட்டுத் தக்காளியைத் தவிர்க்கலாம். அதன் புளிப்போடு வினிகரும் சேர்ந்தால் பல் கூசும். பெங்களூர் தக்காளி நன்கு பழுத்ததாக வாங்குங்கள்.

வினிகர் விஷயத்தில் கறாராக இருங்கள். வெள்ளைக் கண்ணாடிபோல் இருக்கும் செயற்கை வினிகர் தொண்டையைக் குத்தும். அதில் புளிப்பைத் தவிர வேறு மணம் இல்லை. திராட்சை ஒயின் வினிகர் கிடைக்காவிட்டால் ஆப்பிள் வினிகர் பரவாயில்லை. புளிக்கரைசலும் வெல்லமும் போட்டால் என்ன என்று கேட்காதவர்களே இல்லை. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள்.

கடையில் பீட்சாவுக்கென்று விற்கும் வட்டமாக நறுக்கிய கறுப்பு ஆலிவை வாங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மரத்தில் பழுத்துக் கறுத்தவை அல்ல. பழுக்காத காயைக் காரத்தில் ஊறவைத்துக் காற்றூட்டிக் கறுக்கச் செய்தவை. சப்பென்று இருக்கும். பச்சை ஆலிவ், முடிந்தால் கொட்டையோடு. சிசிலியின் கஸ்தெல்வெத்ரானோ பக்கத்து ஆலிவ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

கேப்பர் என்பது ஒரு புதர்ச்செடியின் மலராத மொட்டு. உப்பில் போட்டதும் உண்டு, வினிகரில் போட்டதும் உண்டு. உப்பில் போட்டதுதான் மணம் குலையாமல் இருக்கும். சிசிலிக்குத் தென்மேற்கே பாந்தெல்லேரியா தீவில் விளைவது இதற்குப் பேர்போனது.

பேசிலுக்குத் துளசியைப் போடாதீர்கள். அதன் காரமும் கற்பூர வாடையும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலை பேசிலின் இனமே. மணம் சற்று மாறும், ஆனாலும் இளம் இலையாகப் பார்த்துப் போடலாம்.

2. பாத்திரம்

பொரிக்க இரும்பு வாணலி நல்லது. கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் சாறு காய்ச்சுவது எவர்சில்வர் பாத்திரத்தில்தான். தக்காளியும் வினிகரும் இரும்பில் கொதித்தால் கறுத்து, நாக்கில் உலோக ருசி ஏறும். அலுமினியமும் கூடாது, புளிப்பு அதை அரிக்கும்.

கண் பெரிய வடிதட்டு ஒன்றும் அதற்கு அடியில் வைக்க ஒரு கிண்ணமும் தேவை.

3. கத்தரிக்காயை நறுக்கி உப்பிடுதல் (1 மணி நேரம்)

முதல் வேலை இதுவே. மற்ற ஆயத்தங்கள் எல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதை நடுவில் ஆரம்பித்தவர்கள்தான் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஈரக்காயை எண்ணெயில் போடுகிறார்கள்.

காம்பை நீக்கி, தோலோடு மூன்று சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக நறுக்குங்கள். தோல்தான் துண்டைக் கட்டிப் பிடிக்கிறது. சாம்பாருக்கு நறுக்கும் அளவை விடப் பெரிதாகத் தோன்றும், தோன்றட்டும். உப்பில் சுருங்கும், எண்ணெயில் இன்னும் சுருங்கும்.

ஒன்றரை மேசைக்கரண்டி கல்லுப்பைத் தூவிப் புரட்டி, வடிதட்டில் போட்டு, மேலே ஒரு தட்டும் அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பும் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் பழுப்பு நீர் சேர்ந்திருக்கும்.

கசப்பு போகத்தான் உப்பு என்று பலரும் சொல்வார்கள். இன்றைய காய்களில் கசப்பு அவ்வளவாக இல்லை. கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது, உள்ளே முழுக்கக் காற்றறைகள். அப்படியே எண்ணெயில் போட்டால் அந்த அறைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். உப்பு நீரை இழுத்து, சதையைத் தளர்த்தி, அறைகளை அமுங்கச் செய்கிறது. உறிஞ்ச இடமில்லாமல் போகிறது. உப்பிடுவது எண்ணெய்க்காக.

பிறகு ஒருமுறை தண்ணீரில் அலசி, கை நிறைய அள்ளி, துண்டு உடையாத அளவுக்குப் பிழிந்து, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். அலச மறந்தால் கடைசியில் உப்புக் கரிக்கும், அதைத் திருத்த வழியில்லை. துடைக்க மறந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

4. கேப்பரும் ஆலிவும்

உப்புக் கேப்பரை அலசி, தண்ணீரில் 30 நிமிடம் போடுங்கள்; நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள்: உப்பு முன்னால் வராமல், மொட்டின் மணம் முன்னால் வர வேண்டும். வினிகரில் போட்ட கேப்பர் என்றால் வெறுமனே அலசினால் போதும், ஆனால் பிறகு ஊற்றும் வினிகரில் ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆலிவைக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஓர் அழுத்து அழுத்தினால் பிளந்து கொட்டை வெளியே வரும். இரண்டு மூன்றாகப் பிய்த்தால் போதும். பாட்டில் ஆலிவ் உப்பு அதிகமானால் அதையும் 15 நிமிடம் தண்ணீரில் போடலாம்.

5. செலரி

இந்தப் பதார்த்தத்தின் முதுகெலும்பு செலரிதான், கத்தரிக்காய் இல்லை என்பேன். நெறுநெறுப்பு தரும் ஒரே காய் அது. செலரியை விட்டுவிட்டுச் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம். வேறு ஏதாவது செய்யுங்கள்.

தண்டின் வெளிப்புற நாரை உரித்தெடுங்கள். இங்கே கிடைக்கும் மெல்லிய தண்டில் நார் அதிகம். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, உப்பிட்ட கொதிநீரில் 4 நிமிடம் வேகவைத்து வடியுங்கள். கடித்தால் நடுவில் லேசாக எதிர்க்க வேண்டும். மென்மையான இலைகளைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நேராகத் தக்காளியில் போட்டு வேகவிட்டால் என்ன? வேகாது. புளிப்பில் காயின் நார்ச்சத்து இளகுவது மிக மெதுவாகும். புளி ஊற்றிய பிறகு குழம்பில் காய் வேகாமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அரை மணி நேரம் கொதித்தாலும் பச்சை வாடையோடு நிற்கும்.

6. பொரித்தல்

அதிகம் பிசகுகிற இடம் இது. அவசரப்படாதீர்கள்.

எண்ணெய் மூன்று விரல் ஆழமாவது இருக்க வேண்டும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணம் மீறும். சிசிலியில் ஆலிவ் எண்ணெயிலும் பொரிப்பார்கள், விதை எண்ணெயிலும் பொரிப்பார்கள். சூரியகாந்தி எண்ணெய் தாராளமாகப் போதும். நல்ல ஆலிவ் எண்ணெயைச் சாற்றுக்கு மிச்சம் பிடியுங்கள்.

சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே சுற்றிலும் நுரைத்து மேலே வந்தால் சரி. அடியில் தங்கிச் சோம்பலாகக் குமிழ் விட்டால் இன்னும் காய வேண்டும். புகை கிளம்பினால் அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிடுங்கள்.

ஒரு கிலோவை நான்கு ஐந்து ஈடாகப் பிரியுங்கள். ஒரே ஈடாகக் கொட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். கொட்டினால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். இறங்கிய எண்ணெயில் காய் பொரியாது, ஊறும். வெளிப்புறம் நிறம் மாறுவதற்குள் உள்ளே எண்ணெய் நிரம்பி, தொட்டால் நசுங்கும். கொத்சுவின் பிறப்பிடம் பெரும்பாலும் இந்த வாணலிதான்.

ஓர் ஈட்டுக்கு 5 முதல் 7 நிமிடம் ஆகும். போட்டதும் கிளறாதீர்கள், ஒரு நிமிடம் விட்டால் மேற்பரப்பு இறுகிவிடும், பிறகு ஜல்லிக்கரண்டியால் புரட்டலாம். நிறம் தங்கம் போதாது. வறுத்த முந்திரிக்கும் காப்பிக்கொட்டைக்கும் நடுவில் ஒரு பழுப்பு இருக்கிறதே, அதுவரை போக வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் கருகிவிடுமோ என்று பயந்து முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். வெளிறிய துண்டு சாற்றில் கரையும், பழுப்பேறிய துண்டு சாற்றைத் தாங்கும்.

எடுத்ததைக் காகிதத்தில் குவிக்காமல் வடிதட்டில் பரப்புங்கள். அடியில் ஆவி அடைபட்டால் நமுத்துப்போகும். பத்து நிமிடத்தில் துண்டுகள் இன்னும் அமுங்கி, குடித்த எண்ணெயில் கொஞ்சத்தைத் தாமே கக்கும். கிண்ணத்தில் சேருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்த ஈட்டைப் போடுமுன் எண்ணெய் பழைய சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். ஒவ்வோர் ஈட்டுக்கும் அந்த ஒரு துண்டுச் சோதனை.

எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு: துண்டுகளை 4 மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, ஒட்டாமல் பரப்பி, 220 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைக்கலாம். சாப்பிடலாம். ஆனால் பொரித்ததற்கு வரும் அந்த வெண்ணெய் போன்ற உட்புறம் இதில் வராது. நான் செய்வதில்லை.

7. சாறு

எவர்சில்வர் பாத்திரத்தில் 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நீளவாக்கில் நறுக்கிய வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் 12 நிமிடம். வெங்காயம் கண்ணாடிபோல் துவள வேண்டும், சிவக்கக் கூடாது. இங்கேயே முழுதாக வதங்கிவிட வேண்டும். தக்காளி விழுந்த பிறகு அதன் புளிப்பில் வெங்காயமும் செலரியைப் போலவே நின்றுவிடும்.

தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துத் தோலுரித்து நறுக்கிச் சேருங்கள். மூடாமல் 15 நிமிடம், நடுத்தரத் தீயில். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். நீர்த்த சாறு கத்தரிக்காயின் மேற்பரப்பை ஊறவைத்து உரித்துவிடும், அதனால் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மிளகாய்த்தூள், மஞ்சள், கறிவேப்பிலை என்று கை நீளும். அடக்கிக்கொள்ளுங்கள். பூண்டும் தேவையில்லை.

பிறகு ஆலிவ், கேப்பர், செலரி. இரண்டு நிமிடம். உப்பு இப்போது போடாதீர்கள். ஆலிவும் கேப்பரும் கத்தரிக்காயும் ஏற்கெனவே உப்பைச் சுமந்து வருகின்றன.

8. புளிப்பும் இனிப்பும்

சர்க்கரையை வினிகரில் முழுதாகக் கரைத்து ஒன்றாக ஊற்றுங்கள். தனித்தனியாகப் போட்டால் சர்க்கரை ஓரிடத்தில் தங்கும். அதைவிட, முதலில் புளிப்பை மட்டும் ருசி பார்த்துப் பயந்து சர்க்கரையை அள்ளிக் கொட்டும் ஆபத்தும் இருக்கிறது.

தீயைக் கூட்டி 2 நிமிடம் கொதிக்க விடுங்கள். மூக்கில் ஏறும் நெடி அடங்க வேண்டும். அதற்கு மேல் காய்ச்சினால் புளிப்பு செத்துவிடும்.

இப்போது ருசி பார்த்தால் கொஞ்சம் தூக்கலாக, பளிச்சென்று இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சாறு இன்னும் ஒரு கிலோ கத்தரிக்காய்க்குள் போகப்போகிறது. சூட்டில் இனிப்பு கூடுதலாகத் தெரியும், ஆறினால் தணியும். ஆகவே கடைசித் திருத்தம் ஆறிய பிறகுதான்.

9. சேர்த்தல்

தீயை மிகக் குறைத்து, பொரித்த கத்தரிக்காயைப் போடுங்கள். கரண்டியால் கிளறாமல், பாத்திரத்தின் இரு காதையும் பிடித்துக் குலுக்குங்கள். தேவைப்பட்டால் அகலமான தோசைத்திருப்பியால் அடியிலிருந்து இரண்டு முறை தூக்கிவிடுங்கள். 3 நிமிடம் போதும். துண்டுகளின் மேல் சாறு பூசினாற்போல் இருக்க வேண்டும், மிதக்கக் கூடாது.

பைன் கொட்டையை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து வையுங்கள். கண்ணை எடுத்தால் கருகும். இதில் பாதியை இப்போது போட்டு, பாதியைப் பரிமாறும்போது தூவலாம்.

10. ஆறவிடுதல்

அகலமான பீங்கான் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். அதே பாத்திரத்தில் குவிந்து கிடந்தால் அடிச்சூட்டில் வெந்துகொண்டே இருக்கும்.

குறைந்தது 4 மணி நேரம். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. அடுப்பிலிருந்து இறக்கியவுடன் சாப்பிட்டுப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். சூட்டில் புளிப்பு ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம் என்றுதான் இருக்கும். மறுநாள் அதே ஆட்கள் தட்டை ரொட்டியால் வழித்தார்கள்.

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவையுங்கள். குளிர்ந்த ஆலிவ் எண்ணெய் இறுகி ருசியை மூடிக்கொள்ளும். பேசிலையும் செலரி இலையையும் கையால் பிய்த்துப் போடுவது அப்போதுதான். சூட்டில் போட்ட பேசில் கறுத்துவிடும்.

11. பிசகினால்

புளிப்பு மிஞ்சினால்: அரைத் தேக்கரண்டி சர்க்கரையை வெந்நீரில் கரைத்துச் சேர்த்து, அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். உடனே பார்த்து உடனே திருத்தினால் ஊசலாடிக்கொண்டே இருப்பீர்கள்.

எண்ணெய் மிதந்தால்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தட்டைச் சாய்த்துக் கரண்டியால் வழித்தெடுங்கள்.

குழைந்துவிட்டால்: திருத்த முடியாது. வறுத்த ரொட்டியில் தடவிச் சாப்பிடுங்கள், விருந்தாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

12. ஊருக்கு ஊர்

மேலே சொன்னது பலேர்மோ பக்கத்து முறை. கத்தானியாவில் குடைமிளகாயும் சேரும். சேர்ப்பதானால் அதையும் தனியாகப் பொரித்து, கத்தரிக்காயோடு கடைசியில் போடுங்கள். த்ராப்பானி பக்கம் பைன் கொட்டைக்குப் பதில் வறுத்த பாதாம். சில வீடுகளில் இனிக்காத கோக்கோத்தூள் ஒரு தேக்கரண்டி சாற்றில் கரையும். நிறம் கறுத்து ஆழமாகும். இரண்டாவது மூன்றாவது முறை செய்யும்போது முயன்று பார்க்கலாம், முதல்முறை வேண்டாம்.

காயைத் தனித்தனியாக வதக்கிக் கடைசியில் சேர்க்கும் இந்தப் பழக்கம் கைவந்தால், பிரான்சின் நீஸ் நகரத்து ரத்தத்தூய் (ratatouille) என்ற காய்க் கலவையையும் குழையாமல் செய்ய வரும். அங்கே வினிகரும் சர்க்கரையும் இல்லை. சுக்கினி சேரும், பூண்டு சேரும்.

13. வைத்திருத்தல்

மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில், குளிர்பெட்டியில் 4 நாள். உறைய வைத்தால் செலரி துவண்டுபோகும்.

வினிகர் இருக்கிறதே, ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டு மேலே எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு கிலோ காய்க்கு 60 மில்லி வினிகர் பாதுகாப்புக்குப் போதாது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுத்துவிடும். காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசக் கிருமிக்கு அது தோதான இடம். அதன் நஞ்சு வாசனையிலும் ருசியிலும் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே இருக்கக்கூடும். நாலு நாளில் தீராது என்று தெரிந்தால் அரைக் கிலோவுக்குச் செய்யுங்கள். பொரிக்கும் ஈடுகள் பாதியாகக் குறையும்.